சின்ன ஊருக்குக் கூடுதல் போலீஸ்: ஆள் வருமுன் செய்ய வேண்டியதும் வந்தபின் செய்ய வேண்டியதும்

ஒரு சின்ன ஊரில் அடுத்தடுத்து இரண்டு வீட்டுப் பூட்டு உடைந்தால் போதும், ‘போலீஸ் பத்தாது, இன்னும் ஆள் போடுங்கள்’ என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கிளம்பிவிடும். அந்தக் கோரிக்கையில் தப்பே இல்லை. ஆனால் ஆள் போட்டு ஒரு வருடம் ஆன பிறகும் அதே பேச்சு ஓயாத ஊர்கள் உண்டு, ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியாது, ஊரில் எங்கே என்ன சிக்கல் என்று அவர்களுக்கும் தெரியாது, ரோந்து வண்டி மட்டும் கூடுதலாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஊர் நிர்வாகத்தில் இருப்பவர்கள், குடியிருப்போர் சங்கம் நடத்துபவர்கள், சிறிய காவல் நிலையத்துக்குப் பொறுப்பானவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முதலில் ஆளைக் கூட்டிக்கொள்வோம், ஊரின் நம்பிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்து வைக்காதீர்கள். திருடியவன் யார் என்பது பெரும்பாலும் போலீஸுக்குத் தெரிவதற்கு முன்னால் தெருவில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால் பத்து பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தாலும் வழக்கு நகராது.

முதலில் உங்கள் ஊரின் கணக்கை எடுங்கள்

கடந்த 12 மாதங்களில் காவல் நிலையத்துக்கு வந்த அழைப்புகளையும் புகார்களையும் ஒரு பெரிய தாளில் போடுங்கள். எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, என்ன விஷயம், போலீஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது, கடைசியில் என்ன ஆயிற்று என்று ஆறு கட்டம் போதும். இதைச் செய்து பார்க்கும் பலருக்கும் ஆச்சரியமாக இருப்பது, குற்றம் என்று சொல்லத்தக்கது அதில் ஒரு பங்குதான் என்பது. மீதி எல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை, குடித்துவிட்டு ரகளை, வாகன விபத்து, காணாமல் போன பெரியவர், ராத்திரி சத்தம். அப்புறம் இன்னொன்றும் தெரியும்: நாலைந்து இடங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

இந்தத் தாளை மட்டும் நம்பிவிடாதீர்கள். போலீஸ் மேல் நம்பிக்கை இல்லாதவர் புகாரே கொடுக்க மாட்டார், அதனால் எந்தத் தெருவில் அதிகம் பயப்படுகிறார்களோ அந்தத் தெரு தாளில் அமைதியாகத் தெரியும். எனவே வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். காலையில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போவார்கள், ஆகவே மாலையிலும் விடுமுறை நாளிலும் போங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் கேளுங்கள். ‘போலீஸ் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘கடைசியாக எப்போது ஒரு விஷயத்தைப் போலீஸிடம் சொல்லாமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்?’ என்று கேளுங்கள். உங்கள் திட்டத்துக்கு வேண்டிய பாதி விவரம் இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் இருக்கும். சீருடை போட்டவர் பக்கத்தில் இல்லாமல் கேட்பது முக்கியம்.

ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்ன யோசனை இன்றைக்கும் உதவும்: தனித்தனிச் சம்பவங்களின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்காமல், அவற்றின் அடியில் இருக்கும் பிரச்சினையைப் பாருங்கள் என்றார். வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 1980-களில் இதைச் செய்து பார்த்தார்கள். பிரச்சினையை அடையாளம் காண், ஏன் நடக்கிறது என்று ஆராய், நடவடிக்கை எடு, பலித்ததா என்று பார் என்ற நான்கு படி முறை அங்கிருந்துதான் பரவியது. உங்கள் ஊரில் ஒரே சந்தில் பலமுறை பை பறிப்பு நடந்திருந்தால் அங்கே விளக்கு எரிகிறதா, மதில் உயரமாக மறைக்கிறதா, பாழடைந்த கட்டடம் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு போடுவது போலீஸ் வேலை இல்லை, ஊர் நிர்வாகத்தின் வேலை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் உண்மையிலேயே ஆள் தேவைப்படும் வேலை எது என்று மிஞ்சும். அதற்குத்தான் ஆள் கேட்க வேண்டும்.

எத்தனை பேர், எந்தப் பணத்தில்

ஒரு இடத்தில் இரவும் பகலும் ஒருவர் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம் ஆகிறது. ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் வெறும் வகுத்தலுக்கே 4.2 பேர் வேண்டும், அதில் விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி, நீதிமன்றத்தில் காத்திருக்கும் நாள் எல்லாம் கழித்தால் ஐந்து பேராவது இல்லாமல் அந்த ஒரு இடம் நிரம்பாது. இரவில் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தால் பத்து பேர். புதிதாக இரண்டு பேர் கிடைத்த ஊர் அவர்களை இருபத்து நாலு மணி நேரத்துக்கும் பரப்பி வைத்தால் எங்கேயும் தெரிய மாட்டார்கள். உங்கள் தாளில் எந்த மணி நேரம் கனமாக இருக்கிறதோ அதில் போடுங்கள், மீதி நேரத்துக்குப் பக்கத்து ஊர் நிலையத்தோடு எழுத்துப்பூர்வமாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பொதுக் கூட்டத்தில் விளக்கிச் சொல்லுங்கள், ‘ரெண்டு பேர் வந்தும் ராத்திரி யாரும் இல்லையே’ என்ற கோபம் பாதி அடங்கும்.

பணம் விஷயத்தில் ஒரு தவறான வழி இருக்கிறது. புதிய ஆட்களின் சம்பளத்தை அபராத வசூலில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்கவே கேட்காதீர்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்று அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஊர். 2014 ஆகஸ்டில் ஒரு இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டு ஊரே கொந்தளித்த பிறகு, அந்நாட்டு மத்திய அரசின் நீதி அமைச்சகம் விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்பைவிட நகராட்சியின் வருமானத்தை மனதில் வைத்தே அங்கே சட்டம் அமல்படுத்தப்பட்டது, அதனால் சாதாரண அபராதம் கட்ட முடியாத ஏழைகள் வாரண்டு, கைது என்று சிக்கிக்கொண்டார்கள், அந்தச் சுமை கறுப்பினத்தவர் மேல்தான் பெரும்பகுதி விழுந்தது என்று அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. அபராதத்தில் நிலையம் நடக்கும் ஊரில் ஒவ்வொரு போலீஸ்காரரும் வசூல்காரராகத் தெரிவார், வசூல்காரரிடம் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். சம்பளம் நிலையான வருவாயிலிருந்துதான் வர வேண்டும். வெளி மானியம் கிடைத்தாலும் அது நின்ற பிறகு யார் கொடுப்பது என்று முதல் நாளே எழுதி வையுங்கள்.

ஆள் எடுக்கும்போது ஊரில் எத்தனை விதமான மக்கள் இருக்கிறார்களோ அதில் பாதியாவது நிலையத்தில் தெரிய வேண்டும். பெண் அதிகாரி ஒருவர்கூட இல்லாத நிலையத்துக்குப் பல பெண்கள் படியேறவே மாட்டார்கள். வெளியூர்த் தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்த ஒருவர் இருந்தால் அதுவரை வந்தே இராத புகார்கள் வர ஆரம்பிக்கும். முன்பு வேறு இடத்தில் வேலை பார்த்தவரை எடுத்தால் அங்கே அவர் மேல் வந்த புகார்களின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் எடுக்காதீர்கள், ‘நல்ல திறமைசாலி’ என்ற வாய்ச்சொல் போதாது.

வந்த ஆளை எங்கே நிறுத்துவது

1972, 73-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஒரு சோதனை நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவில் வழக்கமான வண்டி ரோந்தையே நிறுத்திவிட்டார்கள், கூப்பிட்டால் மட்டும் போனார்கள். இன்னொன்றில் வழக்கம் போல் ஓட்டினார்கள். மூன்றாவதில் இரண்டு, மூன்று மடங்கு வண்டி விட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வேறுபாடு இல்லை. குறிக்கோள் இல்லாமல் சுற்றும் வண்டியால் பெரிய பலன் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

அதே 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவர்க் நகரில் போலீஸாரை நடக்க விட்டுப் பார்த்தார்கள். குற்றம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் நடந்து வருகிறவரை மக்கள் கவனித்தார்கள், பயம் குறைந்தது, போலீஸ் மேல் அபிப்பிராயம் உயர்ந்தது. பிறகு 2009-ல் பிலடெல்பியாவில், வன்முறை அதிகமான 60 இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் புதிய காவலர்களை ஜோடியாக நடக்க விட்டபோது, ஒப்பிட வைத்திருந்த இடங்களைவிட வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. நடை நின்ற பிறகு அந்தப் பலன் கரைந்தும் போனது. எனவே நடக்க வேண்டும், எங்கே நடக்க வேண்டும் என்று தெரிந்து நடக்க வேண்டும், நடப்பதை நிறுத்தக் கூடாது.

வண்டியில் போனாலும் சிக்கல் உள்ள இடத்தில் 10 முதல் 15 நிமிடம் இறங்கி நிற்கச் சொல்லுங்கள். மினியாபொலிஸ் நகரத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: அவ்வளவு நேரம் நின்றுவிட்டுப் போனால் போலீஸ் போன பிறகும் சிறிது நேரம் அந்த இடம் அமைதியாக இருக்கிறது, அதற்கு மேல் நிற்பதால் கூடுதல் பலன் இல்லை. எந்த நேரத்துக்கு வருவார்கள் என்று மட்டும் ஊகிக்க முடியாதபடி இருக்கட்டும்.

ஊரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு பீட் அதிகாரியை, அதாவது அந்தப் பகுதிக்கென்றே ஒரு காவலரை, பொறுப்பாக்குங்கள். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு மூன்று வருடமாவது அவரை அங்கிருந்து மாற்றக் கூடாது. ஜப்பானின் கிராமப்புறங்களில் சூசாய்ஷோ என்ற சிறு காவல் நிலையங்கள் உண்டு, அதிகாரி குடும்பத்தோடு அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பார், வீடு வீடாகப் போய்ப் பேசுவதும் அவருடைய வழக்கமான வேலை. கேரளத்தில் 2008-ல் தொடங்கிய ஜனமைத்ரி என்ற மக்கள்-போலீஸ் நட்புறவுத் திட்டத்திலும் பீட் அதிகாரி தன் பகுதி வீடுகளுக்குப் போய் அறிமுகமாவதுதான் அடித்தளம். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 2018-ல் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். எந்தப் புகாரும் விசாரணையும் இல்லாமல் போலீஸ்காரர் கதவைத் தட்டி, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். ஒரே ஒரு முறைதான். 21 நாள் கழித்துக் கேட்டபோதும் அந்த வீட்டினருக்குப் போலீஸ் மேல் இருந்த எண்ணம் முன்பைவிட நன்றாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை: வீட்டுக்குப் போகும் அதிகாரி கையில் நீளமான படிவத்தை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் யார் யார், எங்கே வேலை, யார் வந்து போகிறார்கள் என்று நிரப்ப ஆரம்பித்தால் அது கண்காணிப்பு. எண்ணைக் கொடுத்துவிட்டு, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தால் போதும். கதவைத் திறக்க விருப்பமில்லை என்றால் அதுவும் அவர்கள் உரிமை.

புகார் கொடுத்தவருக்குப் பதில்

இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மக்கள் நம்பிக்கை இழப்பது பெரும்பாலும் திருடன் பிடிபடாததால் இல்லை, புகார் கொடுத்துவிட்டு வந்த பிறகு ஒரு வார்த்தையும் திரும்பி வராததால்தான். நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார வைத்து, ‘நாளைக்கு வாருங்கள்’ என்று அனுப்பி, மறுநாள் வேறு ஒருவர் இருந்து முதலிலிருந்து சொல்லச் சொன்னால், அந்த மனிதர் இனி வாழ்நாளில் புகார் கொடுக்க மாட்டார். அவர் பேச்சைக் கேட்ட பத்து பேரும் கொடுக்க மாட்டார்கள்.

இதற்கு ஆளே கூட்ட வேண்டியதில்லை, பழக்கம்தான் வேண்டும். புகார் வாங்கியவுடன் எண் போட்ட ரசீது, அதில் யார் விசாரிக்கிறார் என்ற பெயர். மூன்று நாளுக்குள் அவரே கூப்பிட்டு, என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும், ஒன்றும் முன்னேறவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். ‘சந்தேகப்படும்படி யாரும் கிடைக்கவில்லை, புது விவரம் வந்தால் மறுபடியும் எடுப்போம்’ என்று நேராகச் சொல்லிவிட்டால் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள், அலைக்கழிப்பதைத்தான் தாங்க முடியாது. முப்பது நாள் ஆனதும் மறுபடி ஒரு அழைப்பு. வழக்கை முடித்துவிட்டால் ஏன் முடித்தோம் என்று எழுத்தில். பதில் சொல்லாத புகார்களின் பட்டியலை வாரம் ஒருமுறை நிலையப் பொறுப்பாளர் தானே பார்க்க வேண்டும், இதைக் கீழே இருப்பவர் தலையில் கட்டினால் இரண்டே மாதத்தில் நின்றுவிடும்.

தெருவில் நிறுத்தி விசாரிக்கும்போதும் இதே விதிதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும்போது, சில இடங்களில் மட்டும் போலீஸார் ஏன் நிறுத்தினோம் என்று விளக்கி, ஓட்டுநரின் கருத்தைக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். கூடுதலாக ஆனது ஓரிரண்டு நிமிடம். அப்படிப் பேசப்பட்டவர்கள் போலீஸை அதிகம் மதித்தார்கள். சமூக உளவியலாளர் டாம் டைலர் பல வருடமாகச் சொல்லி வருவதும் இதைத்தான்: முடிவு தனக்குச் சாதகமா பாதகமா என்பதைவிட, தன் பேச்சைக் கேட்டார்களா, பாரபட்சம் இல்லாமல் நடந்தார்களா, மரியாதையாகப் பேசினார்களா என்பதை வைத்தே மக்கள் சட்டத்தை மதிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். ‘வாடா, போடா’ என்று ஆரம்பிக்கும் எந்த விசாரணையும் அந்த நொடியிலேயே தோற்றுவிடுகிறது.

கூட்டங்களும் தன்னார்வலர்களும்

மாதக் கூட்டம் நடத்துங்கள், ஆனால் காவல் நிலையத்துக்குள் வேண்டாம். பள்ளி, நூலகம், பொது மண்டபம் எதுவும் சரி. போன கூட்டத்தில் யார் என்ன கேட்டார், என்ன ஆயிற்று என்பதை வாசித்துவிட்டுத்தான் புதிய விஷயத்துக்குப் போக வேண்டும். வழக்கமாக வரும் நாலைந்து பெரிய மனிதர்கள் பேசியே நேரத்தை முடித்துவிடுவார்கள், அதனால் வராதவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

தன்னார்வலர்களைச் சேர்ப்பதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிரதீப் வி. பிலிப் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கம் பொதுமக்களையும் காவல் துறையையும் நெருங்க வைக்கும் நல்ல நோக்கத்தோடு வளர்ந்தது. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த கொடுமைக்குப் பிறகு, அந்த இயக்கத்தின் பெயரில் இருந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழ, தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எல்லைகள் தெளிவானவை. தன்னார்வலர் யாரையும் நிறுத்தக் கூடாது, சோதிக்கக் கூடாது, விசாரணை அறைக்குள் நுழையக் கூடாது, காவலில் இருப்பவரின் அருகில் போகவே கூடாது. லத்தி கூடாது, சீருடை போலத் தெரியும் உடையும் கூடாது. விழா நாளில் வழி காட்டலாம், தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்த்து வரலாம், விபத்து நடந்த இடத்தில் உதவலாம். ஒரே கட்சி, ஒரே சாதி, ஒரே குடும்பத்து ஆட்களாக அது மாறிவிடாமல் வருடா வருடம் பட்டியலைப் புதுப்பியுங்கள்.

போலீஸ் மேலேயே புகார் என்றால்

இதற்கு வழி வைக்காமல் ஆளை மட்டும் கூட்டுவது ஆபத்து. சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், புகார் சொல்லப்பட்டவரும் அதை வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். எனவே புகார் வாங்கும் இடம் நிலையத்துக்கு வெளியே இருக்க வேண்டும், விசாரிப்பவர் வேறு ஊர் அல்லது மேல்மட்ட அதிகாரியாகவோ தனி அமைப்பாகவோ இருக்க வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை உண்மை என்று தெரிந்தது, என்ன நடவடிக்கை என்பதைப் பெயர் இல்லாமல் வருடத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். காவலில் வைக்கப்படும் ஒவ்வொருவரும் வந்த நேரம், உடம்பில் காயம் இருந்ததா, குடும்பத்துக்கு எப்போது சொல்லப்பட்டது என்பதெல்லாம் பதிவாக வேண்டும்.

கேமரா வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற ஊரில் 2012-ல் தொடங்கிய சோதனையில் சீருடைக் கேமரா போட்ட பிறகு போலீஸ் மேல் வந்த புகார்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் வாஷிங்டன் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகளை வைத்துச் செய்து, 2017-ல் வெளியான ஆய்வில் கேமரா போட்டவருக்கும் போடாதவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அணைத்து வைத்தால் என்ன தண்டனை என்ற விதிகளை எழுதாமல் காசை அதில் போடாதீர்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது

கைது எண்ணிக்கையையும் அபராத எண்ணிக்கையையும் இலக்காக வைக்காதீர்கள், வைத்தால் அந்த எண்ணிக்கைதான் வளரும். முதலில் வீடு வீடாகக் கேட்ட அதே கேள்விகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள்: இரவில் தனியாக நடக்க முடிகிறதா, உங்கள் பகுதி அதிகாரியின் பெயர் தெரியுமா, கடைசியாகப் புகார் கொடுத்தபோது பதில் வந்ததா, போலீஸிடம் சொல்லாமல் விட்ட விஷயம் உண்டா. பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள், ஊர் முழுக்கச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒரு ஒதுக்குப்புறத் தெருவின் நிலைமை அதில் மறைந்துபோகும்.

இன்னொரு விஷயத்தை ஊர் மன்றத்துக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் வேலை தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள். நம்பிக்கை வர ஆரம்பித்தால் முதல் வருடம் பதிவாகும் குற்றங்களின் எண்ணிக்கை கூடலாம், முக்கியமாகக் குடும்ப வன்முறை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நடக்கும் கொடுமைகள். அதில் பெரும்பகுதி இதுவரை வெளியே சொல்லப்படாமல் இருந்ததாக இருக்கக்கூடும். அப்படித்தானா என்று பார்க்க, சொல்லாமல் விட்டவர்கள் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று உங்கள் கணக்கெடுப்பில் சரிபார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இதை முன்கூட்டியே சொல்லாத ஊரில், புள்ளிவிவரம் வெளியான வாரமே ‘ஆள் போட்டும் குற்றம் கூடிவிட்டது’ என்று சொல்லி அடுத்த வருட நிதியை வெட்டிவிடுவார்கள்.